உச்ச நீதிமன்ற நீதிபதியை யார் தேர்ந்தெடுக்கிறார்கள்?

பொள்ளாச்சியைச் சேர்ந்த வழக்கறிஞர் கே.வி.விசுவநாதனை உச்ச நீதிமன்ற நீதிபதியாக்கலாம் என்று கொலீஜியம், அதாவது உச்ச நீதிமன்ற மூத்த நீதிபதிகளின் குழு, பரிந்துரைத்த நாள் 2023 மே 16. அவர் பதவியேற்ற நாள் மே 19. நடுவில் மூன்று நாள். உத்தராகண்ட் உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக இருந்த கே.எம்.ஜோசப்பைக் கொலீஜியம் பரிந்துரைத்த நாள் 2018 ஜனவரி 10. அவர் பதவியேற்றது ஆகஸ்ட் 7. நடுவில் கிட்டத்தட்ட ஏழு மாதம்.

இரண்டுக்கும் சட்டம் ஒன்றுதான், நடைமுறையும் ஒன்றுதான். ஆனால் ஒரு கோப்பு ஓட்டமாய் ஓடியது, இன்னொன்று படுத்துக்கொண்டது. ஏன் என்று தேடிப் போனால், நம் நாட்டில் நீதிபதிகளைத் தேர்ந்தெடுக்கிற விதம் மொத்தமும் பிடிபட்டுவிடும்.

என் அக்கா மகள் சட்டக் கல்லூரியில் சேர்ந்த புதிதில் என்னிடம் கேட்டாள்: "மாமா, சுப்ரீம் கோர்ட் ஜட்ஜ் ஆகணும்னா எந்தப் பரீட்சை எழுதணும்?" சிரிக்கத் தோன்றும், ஆனால் நியாயமான கேள்வி. சிவில் நீதிபதி ஆக டிஎன்பிஎஸ்சி தேர்வு இருக்கிறது. மாவட்ட நீதிபதி பதவிக்கும் நேரடித் தேர்வு இருக்கிறது. அதற்கு மேலே போனதும் தேர்வு காணாமல் போய்விடுகிறது. விண்ணப்பப் படிவம்கூடக் கிடையாது. "நான் தயார்" என்று யாரும் மனுப் போட முடியாது. யாராவது உங்கள் பெயரைச் சொல்ல வேண்டும். அந்த யாராவது யார் என்பதில்தான் 75 ஆண்டுச் சண்டையே.

அரசியலமைப்பின் 124ஆவது பிரிவு தகுதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறது. இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும். உயர் நீதிமன்றத்தில் 5 ஆண்டு நீதிபதியாக இருந்திருக்க வேண்டும், அல்லது 10 ஆண்டு வழக்கறிஞராக இருந்திருக்க வேண்டும், அல்லது சிறந்த சட்ட அறிஞர் என்று குடியரசுத் தலைவர் கருத வேண்டும். மூன்றாவது கதவு வழியாக இதுவரை ஒருவரும் உள்ளே போனதில்லை. 65 வயதில் ஓய்வு. 1950இல் தலைமை நீதிபதியோடு சேர்த்து 8 பேருக்கு இடமிருந்தது. 2019இல் அது 34 ஆனது.

யார் நியமிப்பது? குடியரசுத் தலைவர். அதாவது, நடைமுறையில் மத்திய அமைச்சரவை. ஆனால் இந்தியத் தலைமை நீதிபதியைக் கலந்தாலோசித்துத்தான் நியமிக்க வேண்டும் என்று அதே பிரிவு சொல்கிறது. இந்தக் "கலந்தாலோசித்து" என்ற ஒரு சொல்லைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நடந்த பஞ்சாயத்து எல்லாம் இந்தச் சொல்லுக்காகத்தான்.

அரசியல் நிர்ணய சபையில் 1949 மே மாதம் இது விவாதத்துக்கு வந்தது. தலைமை நீதிபதியின் சம்மதம் இல்லாமல் நியமனம் கூடாது என்று ஒரு திருத்தம் வந்தது. அமெரிக்கா மாதிரி நாடாளுமன்ற மேலவை ஒப்புதல் தரட்டும் என்று இன்னொன்று. அம்பேத்கர் இரண்டையும் ஏற்கவில்லை. மேலவையிடம் கொடுத்தால் நியமனம் அரசியல் அழுத்தத்தில் சிக்கும். தலைமை நீதிபதியும் நம்மைப் போல விருப்பு வெறுப்பு உள்ள மனிதர்தான், அவர் கையில் மறுக்கும் அதிகாரத்தைக் கொடுப்பது ஆபத்து என்பது அவர் வாதம். இருவரும் பேசி முடிவெடுக்கட்டும் என்று ஒரு நடுவழியை வைத்தார்.

நடுவழி இருபது ஆண்டுக்கு மேல் பெரிய சத்தமில்லாமல் ஓடியது. மூத்த நீதிபதியே அடுத்த தலைமை நீதிபதி என்பது எழுதப்படாத வழக்கமாக நிலைத்தது. அது உடைந்தது 1973 ஏப்ரலில்.

ஏப்ரல் 24 அன்று கேசவானந்த பாரதி வழக்கில் தீர்ப்பு வந்தது. 13 நீதிபதிகள், 7க்கு 6. அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பில் நாடாளுமன்றம் கை வைக்க முடியாது என்றது பெரும்பான்மை. இந்திரா காந்தி அரசுக்கு அது கசந்தது. மறுநாளே அடுத்த தலைமை நீதிபதி ஏ.என்.ராய் என்று அறிவிப்பு வந்தது. அவருக்கு மேலே ஷேலத், ஹெக்டே, குரோவர் என்று மூன்று பேர் இருந்தார்கள். மூவரும் அந்தத் தீர்ப்பில் அரசுக்கு எதிர்ப் பக்கம், ராய் அரசின் பக்கம். தாண்டப்பட்ட மூவரும் ராஜினாமா செய்தார்கள்.

நாடாளுமன்றம் கொதித்தது. அரசுக்காக எழுந்து பேசியவர் மோகன் குமாரமங்கலம். நம் ஊர்க்காரர். சென்னை மாகாண முதல்வராக இருந்த சுப்பராயனின் மகன், கம்யூனிஸ்டாக இருந்து காங்கிரசுக்கு வந்தவர், தமிழ்நாட்டின் அட்வகேட் ஜெனரலாகவும் இருந்தவர், அப்போது எஃகுத் துறை அமைச்சர். அவர் சுற்றி வளைக்கவில்லை. நீதிபதியின் சட்ட அறிவை மட்டும் பார்த்தால் போதாது, அவருடைய வாழ்க்கைத் தத்துவம் என்ன, நாடு போகிற திசையைப் பற்றி அவர் பார்வை என்ன என்பதையும் பார்க்க அரசுக்கு உரிமை உண்டு என்றார்.

அதைக் கேட்டு நாடு முழுக்க வக்கீல்கள் கொந்தளித்தார்கள். எனக்கும் அந்த முடிவு தவறு என்றுதான் படுகிறது. பிடிக்காத தீர்ப்பு எழுதியவரைத் தண்டிப்பது வேறு எப்படி இருக்கும்? ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். மற்றவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு செய்ததை, செய்யப் போவதை, அவர் அவையில் நின்று சொன்னார். பதில் சொல்லவாவது எதிர்க்கட்சிக்கு ஒரு வாய்ப்புக் கிடைத்தது. ஒரு மாதத்துக்குள்ளேயே, மே 31 அன்று, டெல்லி விமான விபத்தில் அவர் இறந்துபோனார். அவர் எழுப்பிய கேள்வி மட்டும் இன்னும் அப்படியே நிற்கிறது.

நான்கு ஆண்டு கழித்து அதே கதை மறுபடியும். நெருக்கடி நிலையில் விசாரணையின்றிச் சிறையில் இருப்பவர் நீதிமன்றத்துக்குப் போகும் உரிமை உண்டா என்ற வழக்கில், 1976இல் ஐந்து நீதிபதிகளில் ஒருவர் மட்டும், எச்.ஆர்.கன்னா, உண்டு என்று எழுதினார். 1977 ஜனவரியில் தலைமை நீதிபதிப் பதவி அவருக்கு வர வேண்டும். இளையவரான எம்.எச்.பெய்குக்குப் போனது. கன்னாவும் ராஜினாமா செய்தார்.

இந்த இரண்டு காயமும் இல்லாமல் கொலீஜியத்தைப் புரிந்துகொள்ள முடியாது. இன்று அதைத் திட்டுகிறவர்கள் பெரும்பாலும் இந்தப் பக்கங்களைப் புரட்டாமல் தாண்டிவிடுகிறார்கள்.

இப்போது அந்தச் சொல்லுக்கு வருவோம். நம் வீடுகளில் "தாய்மாமனைக் கலந்துகொண்டு முடிவு பண்ணு" என்பார்கள். மாமாவிடம் ஒரு வார்த்தை கேட்டால் போதுமா, அல்லது மாமா வேண்டாம் என்றால் கல்யாணமே நின்றுவிடுமா? 1981இல் எஸ்.பி.குப்தா வழக்கில் உச்ச நீதிமன்றம், கேட்டால் போதும், கடைசி முடிவு அரசுடையது என்றது. 1993இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அதைத் தலைகீழாக்கியது. கலந்தாலோசனை என்றால் இசைவு, நீதித்துறையின் சொல்லுக்கே முதலிடம் என்றது. தலைமை நீதிபதி தனியாக முடிவெடுக்கக் கூடாது, அடுத்த இரண்டு மூத்தவர்களோடு சேர்ந்து எடுக்க வேண்டும் என்றும் சொன்னது. 1998இல் அந்த இரண்டு நான்காகியது. தலைமை நீதிபதியும் நான்கு மூத்த நீதிபதிகளும் சேர்ந்த இந்த ஐவர் குழுதான் கொலீஜியம். அரசியலமைப்பில் எங்கே தேடினாலும் இந்தப் பெயர் கிடைக்காது. நீதிபதிகளே தீர்ப்பால் கட்டிக்கொண்ட வீடு இது. அம்பேத்கர் ஆபத்து என்று சொன்ன அந்த அதிகாரம், ஒருவர் கைக்குப் பதில் ஐந்து பேர் கைக்கு வந்து சேர்ந்தது.

சரி, எப்படி வேலை செய்கிறது? இடம் காலியாகப் போகிறது என்றால் ஐவரும் கூடிப் பெயர்களைப் பேசுகிறார்கள். பணிமூப்பு, எந்த உயர் நீதிமன்றத்திலிருந்து ஏற்கெனவே எத்தனை பேர் இருக்கிறார்கள், எந்தச் சமூகத்துக்கு, எந்தப் பகுதிக்கு இடமில்லை என்பதெல்லாம் பார்க்கப்படும். பரிந்துரை சட்ட அமைச்சகத்துக்குப் போகும், அங்கிருந்து பிரதமருக்கு, பிறகு குடியரசுத் தலைவருக்கு. உயர் நீதிமன்ற நியமனம் என்றால் நடுவில் உளவுத்துறை அறிக்கையும் வரும். அரசுக்கு ஆட்சேபம் இருந்தால் கோப்பைத் திருப்பி அனுப்பலாம். கொலீஜியம் அதே பெயரை மறுபடி அனுப்பினால் அரசு ஏற்றுத்தான் ஆக வேண்டும்.

எப்போது என்று அறுதியாக ஒரு கெடு மட்டும் இல்லை. முழு முறையின் ஓட்டையும் இதுதான். அரசு "முடியாது" என்று சொல்ல வேண்டியதில்லை. எதுவும் சொல்லாமல் இருந்தாலே போதும். கிடப்பில் போடுவது என்று நாம் சொல்வோமே, அதுதான்.

ஜோசப்புக்கு நடந்ததைப் பாருங்கள். 2016 ஏப்ரலில் உத்தராகண்டில் மத்திய அரசு கொண்டுவந்த குடியரசுத் தலைவர் ஆட்சியை ரத்து செய்த அமர்வின் தலைவர் அவர். 2018 ஜனவரியில் அவர் பெயரும் வழக்கறிஞர் இந்து மல்ஹோத்ராவின் பெயரும் ஒன்றாகவே போயின. ஏப்ரலில் அரசு இரண்டையும் பிரித்தது. மல்ஹோத்ராவுக்கு நியமன ஆணை வந்தது, ஜோசப்பின் கோப்பு திரும்பி வந்தது. பணிமூப்பில் அவர் பின்னால் இருக்கிறார், கேரளத்திலிருந்து ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார் என்று அரசு காரணம் சொன்னது. காகிதத்தில் அந்தக் காரணங்களில் பிழையில்லை. ஆனால் மூப்பில் பின்னால் இருப்பவரை எடுப்பது முன்பும் நடந்திருக்கிறது, பின்பும் நடந்தது. ஜூலையில் கொலீஜியம் மறுபடி பரிந்துரைத்தது. ஆகஸ்டில் நியமன ஆணை வந்தபோது அவரோடு இந்திரா பானர்ஜி, வினீத் சரண் பெயர்களும் இருந்தன. ஜோசப் பெயர் மூன்றாவது.

பட்டியலில் மூன்றாவது என்றால் என்ன போயிற்று என்று கேட்கலாம். உச்ச நீதிமன்றத்தில் பதவியேற்கும் வரிசைதான் பணிமூப்பு. யார் அமர்வுக்குத் தலைமை தாங்குவது, யார் கொலீஜியத்துக்குள் வருவது, யார் தலைமை நீதிபதி ஆவது எல்லாம் அந்த வரிசையில் இருக்கிறது. விசுவநாதனைப் பரிந்துரைத்தபோது, அவர் 2030 ஆகஸ்டில் தலைமை நீதிபதியாகி 2031 மே வரை இருப்பார் என்று கொலீஜியமே தன் தீர்மானத்தில் எழுதியது. இன்று ஒருவரை எடுப்பது என்பது ஏழெட்டு ஆண்டு கழித்து நாற்காலியில் யார் என்பதையும் இன்றே எழுதிவைப்பது. பிறந்த தேதியும் பதவியேற்ற தேதியும் ஜாதகம் மாதிரி வேலை செய்கின்றன.

இந்த முறையை மாற்றப் பார்க்காமல் இல்லை. 2014இல் நாடாளுமன்றம் தேசிய நீதித்துறை நியமன ஆணையத்தைக் கொண்டுவந்தது. தலைமை நீதிபதி, இரண்டு மூத்த நீதிபதிகள், சட்ட அமைச்சர், சமூகத்தில் மதிக்கத்தக்க இருவர் என்று ஆறு பேர். அவர்களில் எந்த இருவர் எதிர்த்தாலும் ஒரு பெயர் விழுந்துவிடும். 2015 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் 4க்கு 1 என்று அதை ரத்து செய்தது. அந்த ஒருவர் செலமேஸ்வர். கொலீஜியம் வெளிப்படையாக இல்லை என்பது அவர் குறை. அவர் அதோடு விடவில்லை. 2016இல், என்ன பேசுகிறோம் என்பதைப் பதிவு செய்யாத கூட்டத்துக்கு வர மாட்டேன் என்று கொலீஜியக் கூட்டங்களுக்குப் போவதையே நிறுத்தினார். 2017 அக்டோபரிலிருந்து தீர்மானங்கள் இணையதளத்தில் வர ஆரம்பித்தன. அதையும் முழு வெளிச்சம் என்று சொல்ல முடியாது. 2025 ஆகஸ்டில் ஒரு பரிந்துரையில் கொலீஜிய உறுப்பினரான நீதிபதி நாகரத்னா மாறுபட்டார் என்று செய்திகள் வந்தன. வெளியான தீர்மானத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

அரசியல் கருத்து உள்ளவர் நீதிபதி ஆகலாமா?

இந்தத் தலைப்பில் பேச ஆரம்பித்ததும் எல்லாரும் "கூடாது" என்றுதான் முதலில் சொல்வார்கள். வி.ஆர்.கிருஷ்ணய்யரை நினைத்துப் பாருங்கள். 1957இல் கேரளத்தில் இ.எம்.எஸ். தலைமையில் அமைந்த முதல் கம்யூனிஸ்ட் ஆட்சியில் அமைச்சர். அவரை 1973இல் உச்ச நீதிமன்றத்துக்கு எடுத்தது இந்திரா காந்தி அரசு. 1975 ஜூன் 24 அன்று, இந்திராவின் தேர்தல் செல்லாது என்ற அலகாபாத் தீர்ப்புக்கு நிபந்தனையற்ற தடை வேண்டும் என்று அதே இந்திரா கேட்டு வந்தபோது, நிபந்தனையோடுதான் கொடுத்தார். பிரதமராகத் தொடரலாம், உறுப்பினராக ஓட்டுப் போட முடியாது. மறுநாள் இரவு நெருக்கடி நிலை வந்தது. நம் சென்னை உயர் நீதிமன்றத்தில் கே.சந்துரு மார்க்சிஸ்ட் கட்சியில் இருந்தவர். அவர் எழுதிய தீர்ப்புகளை அந்தக் கட்சியின் தீர்ப்பு என்று யாரும் சொன்னதில்லை.

மறுபக்கமும் இருக்கிறது. பஹருல் இஸ்லாம் காங்கிரஸ் மாநிலங்களவை உறுப்பினர். அங்கிருந்து கவுகாத்தி உயர் நீதிமன்றம் போய் ஓய்வு பெற்றார். ஓய்வுக்குப் பிறகு 1980இல் உச்ச நீதிமன்றத்துக்கு அழைத்துவரப்பட்டார். 1983இல் அங்கிருந்து விலகித் திரும்பவும் காங்கிரஸ் மாநிலங்களவை உறுப்பினர். இதில் கருத்தைவிட, போய் வரும் பாதைதான் உறுத்துகிறது.

நம் கண்ணெதிரே நடந்த ஒரு ஜோடிச் சம்பவமும் உண்டு. இது உயர் நீதிமன்ற நியமனம், ஆனாலும் பாடம் அதேதான். 2023 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றத்துக்காக இரண்டு வழக்கறிஞர்கள் பெயர் கொலீஜியத்திலிருந்து போனது. ஒருவர் விக்டோரியா கௌரி. பாஜக மகளிர் அணியில் பொறுப்பில் இருந்தவர். சிறுபான்மையினரைப் பற்றிய அவர் பேச்சுகளைச் சுட்டிக்காட்டி சென்னை வழக்கறிஞர்கள் பலர் எதிர்த்துக் கடிதம் எழுதினார்கள். இன்னொருவர் ஜான் சத்யன். பிரதமரை விமர்சிக்கும் ஒரு கட்டுரையைச் சமூக வலைதளத்தில் பகிர்ந்தார், மாணவி ஒருவரின் தற்கொலை குறித்து அரசியல் துரோகம் என்று பதிவிட்டார் என்று உளவுத்துறை எழுதியிருந்தது. அதனால் எல்லாம் தகுதி குறையாது என்று கொலீஜியம் அவர் பெயரை இரண்டாவது முறையாக அனுப்பியது. அதாவது, அரசு ஏற்றே ஆக வேண்டிய பரிந்துரை அது.

பிப்ரவரி 7 அன்று காலை கௌரி சென்னையில் பதவியேற்றார். ஏறக்குறைய அதே நேரத்தில் டெல்லியில் அவருக்கு எதிரான மனு விசாரணையில் இருந்தது. அது தள்ளுபடியானது. அரசியல் பின்னணி உள்ளவர்கள் முன்பும் வந்திருக்கிறார்கள் என்றார் ஒரு நீதிபதி. எனக்கும் அந்தப் பின்னணி உண்டு என்றார் கூட இருந்த பி.ஆர்.கவாய். ஒருவருக்குத் தகுதி இருக்கிறதா என்பதை நீதிமன்றம் பார்க்கும், பொருத்தமானவரா என்பதைக் கொலீஜியம்தான் பார்க்க வேண்டும் என்பது சாரம். சத்யனின் கோப்பு அதே மேசையில் கிடந்தது.

கட்சியில் பொறுப்பு வகித்தால் பரவாயில்லை, கட்டுரையைப் பகிர்ந்தால் பிரச்சினை என்றால், இங்கே அளவுகோல் கருத்து இருப்பதா, எந்தக் கருத்து என்பதா? குமாரமங்கலம் 1973இல் வாய்விட்டுச் சொன்ன பதிலை இன்று கோப்புகள் சொல்லாமல் சொல்கின்றன. என் அபிப்பிராயம் இதுதான்: நீதிபதிக்குக் கருத்து இருப்பது குற்றமில்லை, இல்லாதவர் யார்? ஆனால் எந்தக் கருத்துக்காக ஒருவரை எடுத்தோம், எதற்காக ஒதுக்கினோம் என்பதை ஒதுக்கியவர் எழுத்தில் சொல்ல வேண்டும், ஒரு தேதிக்குள் சொல்ல வேண்டும்.

அமெரிக்காவில் இது அத்தனையும் தொலைக்காட்சியில் நடக்கிறது. அதிபர் பெயர் சொல்கிறார், செனட் குழு நாள்கணக்கில் கேள்வி கேட்கிறது, பிறகு வாக்கெடுப்பு. அது மட்டும் ஒழுங்கா என்றால் இல்லை. 1986இல் நீதிபதி ஸ்காலியாவுக்கு 98க்கு 0 என்று ஒப்புதல் தந்த அதே செனட், 2016இல் அவர் இறந்தபின் ஒபாமா முன்மொழிந்த மெரிக் கார்லண்டை விசாரணைக்கே கூப்பிடவில்லை. தேர்தல் ஆண்டில் கூடாது என்றார்கள். 2020இல் தேர்தலுக்கு எட்டு நாள் முன்பு ஏமி கோனி பேரட்டை 52க்கு 48இல் நிறைவேற்றினார்கள். அங்கேயும் கிடப்பு உண்டு. கிடப்பில் போட்டவர் யார் என்பது மட்டும் எல்லாருக்கும் தெரியும்.

கொலீஜியத்தின் மீது இன்னொரு புகார், அது சொந்த வட்டத்துக்குள்ளேயே சுற்றுகிறது என்பது. கே.எம்.ஜோசப்பே முன்னாள் உச்ச நீதிமன்ற நீதிபதி கே.கே.மாத்யூவின் மகன். டி.ஒய்.சந்திரசூட், நாகரத்னா இருவரின் தந்தையரும் தலைமை நீதிபதிகள். மூவரும் திறமைசாலிகள், அதில் சந்தேகமில்லை. ஆனால் முதல் பட்டியலின நீதிபதி, நம் ஜோலார்பேட்டையைச் சேர்ந்த ஏ.வரதராஜன், உள்ளே போக 1980 ஆக வேண்டியிருந்தது. முதல் பெண்மணி பாத்திமா பீவி போக 1989 ஆனது. இரண்டுமே கொலீஜியம் வருமுன் அரசு செய்த நியமனங்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 1993 தீர்ப்பிலேயே நீதிபதி எஸ்.ரத்தினவேல் பாண்டியன், பிற்படுத்தப்பட்டோர், பட்டியலினத்தவர், சிறுபான்மையினர், பெண்கள் எல்லாருக்கும் இடம் வேண்டும் என்று தனியாக எழுதினார். கொலீஜியத்தின் அதிகாரத்தை அந்தத் தீர்ப்பிலிருந்து எடுத்துக்கொண்டவர்கள் இந்தப் பக்கத்தை அவ்வளவு ஆர்வமாகப் படித்த மாதிரி தெரியவில்லை.

இதையெல்லாம் சொல்லி முடித்ததும் அக்கா மகள் கேட்டாள், "அப்போ நியூஸ்ல பேர் வந்தா நான் என்ன பார்க்கணும் மாமா?" மூன்று தேதியைப் பார் என்றேன். பரிந்துரைத்த தேதி, நியமன ஆணை வந்த தேதி, ஓய்வு பெறும் தேதி. அப்புறம் அதே தீர்மானத்தில் கூட இருந்த பெயர்களில் எது வந்தது, எது வரவில்லை என்று பார். அவள் கைபேசியை எடுத்து, உச்ச நீதிமன்ற இணையதளத்தில் பழைய தீர்மானம் ஒன்றைத் திறந்து, ஒவ்வொரு பெயராகத் தேட ஆரம்பித்தாள். நான்காவது பெயரில் நின்றாள்.

"இவங்க வந்தாங்களா மாமா?"